பெட்டியக்காவின் ஏழு கிலோமீட்டர்

"அந்த ஏழு கிலோமீட்டர் எங்க போச்சு?"

புது அதிகாரி இப்படிக் கேட்டபோது பெட்டியக்காவுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பரிசோதனைக்கூடத்தின் மாடியறை அது. சுவரோரம் நின்ற மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, இருவர் பேசுவதையும் ஒட்டுக் கேட்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் வண்டிப் பதிவேடு விரிந்து கிடந்தது. அதில் அக்காவின் கையெழுத்து, வரிக்கு வரி எறும்பு ஊர்ந்த மாதிரி.

"நாலு வருஷப் பதிவேட்டைப் புரட்டிப் பாத்தேன். தினமும் எண்பத்திரண்டு. எப்பவாவது எண்பத்துமூணு. இந்த மூணு மாசமா மட்டும் எண்பத்தொம்பது. அதே அஞ்சு நிலையம், அதே ரோடு. கிளம்புற நேரமும் அதேதான். திரும்பி வர்ற நேரம் மட்டும் பத்து நிமிஷம் தள்ளிப் போயிருக்கு. ஏழு கிலோமீட்டர் கூடுதல், பத்து நிமிஷம் கூடுதல். நான் என்ன நினைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் அக்காவும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பாள். இப்படிப் பதவிசாகக் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

"நான் எங்கயும் திரும்பல மேடம். எங்கயும் நிக்கவும் இல்ல."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

மீட்டர் பொய் சொல்லும் என்று அப்போது அவளுக்கும் தோன்றவில்லை.

பெட்டியக்கா என்ற பெயர் அவளுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அதே பரிசோதனைக்கூடத்தில் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. சுற்றுவட்டாரத்து ஐந்து சின்ன மருத்துவ நிலையங்களில் எடுக்கிற ரத்தத்தையும் மற்ற மாதிரிகளையும் ஒரு குளிர்ப்பெட்டியில் வைத்து மோட்டார் பைக்கில் கொண்டுவர ஓர் ஆள் இருந்தார். ஒருநாள் காலையில் அவர் படிக்கட்டில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று கேட்டபோது, சோப்பு நுரையோடு ஒரு கை மேலே எழுந்தது. அக்காவின் கைதான். தன் அண்ணன் வண்டியை அவன் தூங்கும் நேரத்தில் எடுத்து ஓட்டிப் பழகியவள் அவள். அன்றைக்குக் கூடத்தில் பலர் சிரித்தார்கள். அவள் பெட்டியைக் கட்டினாள், கிளம்பினாள், பதினொன்றேகாலுக்குத் திரும்பி வந்து குழாய்களை எண்ணிக் கொடுத்தாள். ஒன்றுகூடக் குலுங்கியிருக்கவில்லை. கால் ஒடிந்தவர் குணமாகி வந்தபோது, அவருக்கு உள்ளேயே ஒரு வேலை பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

அவளுடைய ரகசியமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். முள் நாற்பத்தைந்து. வேக முள்ளை நாற்பத்தைந்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். அது அங்கேயே ஆணி அடித்த மாதிரி நிற்கும். அதற்கு மேல் போனால் குழாய்கள் குலுங்கும், ரத்தம் கெடும். அதற்குக் கீழே போனால் பதினொன்றரைக்கு ஓட ஆரம்பிக்கிற பெரிய பரிசோதனை இயந்திரத்தைப் பிடிக்க முடியாது. அதைத் தவறவிட்டால் அடுத்த ஓட்டத்துக்கு இரண்டு மணி வரைக்கும் மாதிரிகள் காத்துக் கிடக்க வேண்டும். வழியில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தாண்டுவார்கள், காய்கறி வண்டிகூடச் சில நாள் தாண்டும். அக்கா அசைய மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மூன்று மாதமாக நேரம் கைநழுவிக்கொண்டிருந்தது. முள் என்னவோ நாற்பத்தைந்தில்தான் நின்றது. ஆனால் பதினொன்று இருபதுக்கு வந்துகொண்டிருந்தவள் பதினொன்றரைக்கு வந்தாள். சில நாள் முப்பத்தைந்தும் ஆனது. ரோடு மாறவில்லை, வண்டி மாறவில்லை. அப்படியென்றால் மாறியது யார்? ஐம்பத்திரண்டு வயதாகிறது. நிலையங்களில் பெட்டியைத் திறந்து மூட முன்பைவிட நேரமாகிறதோ? வண்டியிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்கிறோமோ? அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நிலையத்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டிப் பார்த்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தாள். அப்படியும் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்கவில்லை. வயசு என்பது இப்படித்தான் வந்து உட்காரும் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

போன வாரம் விஷயம் முற்றிவிட்டது. கடைசி நிலையத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் ரத்தம் பதினொன்றரை இயந்திரத்தைத் தவறவிட்டு, இரண்டு மணி வரைக்கும் கிடந்து கெட்டுப்போனது. கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்து ஊசி குத்த வேண்டியதாயிற்று. அவளுடைய அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அதிகாரி பதிவேட்டைக் கையில் எடுத்தார்.

"விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க இங்கயே பதிவு வேலை பாருங்க. வேற ஆள் போகட்டும்," என்றார்.

அக்கா சாவியை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தையற்கூடத்தில் துணி வெட்டுபவர். காதுக்கு மேலே சாக்குக்கட்டி, கழுத்தில் அளவு டேப்பு. வீட்டுக்கு வந்தாலும் இரண்டையும் கழற்ற மறந்துவிடுவார். அன்று சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார்.

"ஏழு கிலோமீட்டர்ல யாரு வீடும்மா இருக்கு? சொல்லு, நானும் ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன்."

அக்கா சிரிக்கவில்லை. தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அவர் பின்னாலேயே வந்தார். சமையலறை வாசலில் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். முடியலன்னா எங்கயாவது நிழல்ல கொஞ்சம் உக்காந்துட்டு வர்றியா? அப்படி இருந்தா சொல்லிடு. தப்பு ஒண்ணும் இல்ல. உடம்புதானே."

அதிகாரி கேட்டதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருந்தாள். இவர் ஆதரவாகக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

"இருபத்தாறு வருஷமா கூட இருக்கீங்க. நீங்களுமா?"

மனுஷர் பதறிப்போனார். பாத்திரமெல்லாம் அவரே கழுவி வைத்தார். கழுவின பாத்திரத்தை மறுபடி ஒரு தடவை கழுவினார்.

மாற்றாக வந்தவர் முறுக்கிய மீசைக்காரர். இன்னொரு வட்டாரத்துக்கு மருந்து கொண்டுபோகிறவர், நாற்பது வயது, வண்டியென்றால் உயிர். அலுவலக வண்டி தனக்குச் சரிப்படாது என்று சொல்லித் தன் சொந்த வண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வண்டியின் முன் சக்கரத்துக்கு ஊதிப்போன மாதிரி ஒரு பெரிய டயர் போட்டிருந்தார். அழகுக்காம்.

முதல் நாள் அவர் பதினொன்று பத்துக்கே வந்துவிட்டார். அக்கா மேசையில் உட்கார்ந்து பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மீட்டர் எண்ணைச் சொல்ல, அவள் கழித்துப் பார்த்தாள். பேனா நின்றது.

"அண்ணே, எழுபத்தேழுதான் வருது."

"எழுபத்தேழுன்னா எழுபத்தேழு. எழுதுங்கக்கா."

"எண்பத்திரண்டு வரணும். ஒரு நிலையத்தை விட்டுட்டீங்களா?"

மீசைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஐந்து ரசீதையும் எடுத்து மேசைமேல் பரப்பினார். ஐந்திலும் நர்ஸ்களின் கையெழுத்து. குறுக்கு வழி ஏதாவது கண்டுபிடித்தாரா என்று கேட்டாள். ஆற்றுக்கு இருப்பது ஒரே பாலம். மலையடிவாரத்துக்குப் போவது ஒரே ரோடு. குறுக்கு வழிக்கு அவர் என்ன பறந்தா போவார் என்று திருப்பிக் கேட்டார். மறுநாளும் எழுபத்தேழு. அதற்கு மறுநாளும்.

அக்கா இதை வீட்டில் சொன்னாள். மூன்று நாளாக அவரோடு சரியாகப் பேசாமல் இருந்தவள், இதைச் சொல்லாமல் இருக்க முடியாமல்தான் சொன்னாள். அவர் வெட்டிக்கொண்டிருந்த காகித மாதிரியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"ஒரே ரோடு. உனக்கு எண்பத்தொம்பது. அவருக்கு எழுபத்தேழு. அப்படித்தானே?"

"ஆமா."

"எங்க கூடத்துல போன வருஷம் ஒரு கூத்து நடந்துச்சு. நான் வெட்டின துணியெல்லாம் அளவு பெருசா இருக்குன்னு பக்கத்து மேசைக்காரன் சண்டைக்கு வந்தான். அவன் வெட்டினது சின்னதா இருக்குன்னு நான் சொன்னேன். கடைசியில பாத்தா என் டேப்பு இழுபட்டு இழுபட்டு அரை அங்குலம் நீண்டு கெடக்கு. ரெண்டு பேரு அளந்து ரெண்டு அளவு வந்தா, துணி மேல சந்தேகப்படக் கூடாது. ஆள் மேலயும் கூடாது. முதல்ல டேப்பை எடுத்துப் பாக்கணும்."

அக்கா அவர் கழுத்தில் கிடந்த டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மீட்டரை எதை வெச்சு அளக்கறது?"

"அது எனக்குத் தெரியாது. ரோட்டை யாராவது ஏற்கெனவே அளந்து வெச்சிருப்பாங்கல்ல?"

கிலோமீட்டர் கற்கள்! பத்தொன்பது வருஷமாகத் தினமும் தாண்டிப் போகிற கற்கள். அவற்றின் எண்ணை அவள் ஒருநாளும் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அதற்கு அவசியம் வந்ததே இல்லை.

மறுநாள் காலை அதிகாரி மாடி ஏறும்போதே அக்கா படியில் நின்றிருந்தாள். கையில் பதிவேடு.

"மேடம், நான் ஏழு கிலோமீட்டர் திருடினவள்னா, இந்த மீசைக்காரர் அஞ்சு கிலோமீட்டரை முழுங்கினவர். அஞ்சு ரசீதும் இதோ. இதுல யாரு யோக்கியம்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி ரசீதுகளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார். அவர் நேர்மையானவர், அதனாலேயே முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"உங்க வண்டியில நானே பின்னாடி உக்காந்து வரேன். இப்பவே போலாமா?"

பெட்டி கட்டுகிற இடத்தைக் காலி செய்து அக்கா வண்டியை எடுத்தாள். ஊரைத் தாண்டி நேர் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கல்லருகே நிறுத்தினாள். அதிகாரி மீட்டர் எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரி என்றார். முள் நாற்பத்தைந்துக்குப் போய் நின்றது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது. ஒவ்வொரு கல் வரும்போதும் அதிகாரி சின்னப் பிள்ளை மாதிரி உரக்க எண்ணினார். ஆறாவது கல்லைப் புதர் மூடியிருந்தது; அதைத் தவறவிட்டோமோ என்று இருவரும் பதறினார்கள். ஏழாவது கல் வந்ததும்தான் மூச்சு வந்தது.

பத்தாவது கல்லில் வண்டி நின்றது. இரண்டு பேரும் மீட்டரின் மேல் குனிந்தார்கள். பதினொரு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"பத்துக் கல்லு. பதினொண்ணு காட்டுது," என்றார் அதிகாரி. பிறகு காகிதத்தின் பின்பக்கத்தில் ஏதோ பெருக்கினார், வகுத்தார். "அக்கா, நாற்பத்தஞ்சுல வந்தா பத்துக் கிலோமீட்டருக்குப் பதிமூணு நிமிஷம் இருபது செகண்டு ஆகணும். நமக்குப் பதினாலு நாற்பது ஆகியிருக்கு. அப்படின்னா முள்ளும் கூட்டித்தான் காட்டுது. நாற்பத்தஞ்சுன்னு அது சொல்லும்போது நீங்க போறது நாற்பத்தொண்ணுலதான்."

அக்கா ரோட்டோரத்தில் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, மயக்கமா வருதா? தண்ணி வேணுமா?"

"இல்ல மேடம். எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள் அக்கா. "மூணு மாசமா. படியில ஓடி ஓடி ஏறுவேன், மேடம். தண்ணிகூடக் குடிக்கல." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"கணக்குச் சரியா இருந்துச்சு. அதனாலதான் நான் நம்பிட்டேன்," என்றார். "தப்பு என் மேல. மன்னிச்சிடுங்க."

"நானே நம்பிட்டேனே மேடம். உங்களை என்ன சொல்றது?"

திரும்பும் வழியில் மெக்கானிக் கடை. மெக்கானிக் அங்கே ஒரு வண்டியின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரியைப் பார்த்ததும் கையைத் துடைத்தார். அக்கா நேரே கேட்டாள்:

"அண்ணே, மூணு மாசம் முன்னாடி வண்டியை உங்ககிட்ட ரிப்பேருக்கு விட்டப்போ, முன் சக்கரத்துல என்ன பண்ணுனீங்க?"

அவர் யோசித்தார். "மீட்டர் ஓடலன்னு கொண்டாந்தீங்க. சக்கரத்துக்குள்ள ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், மீட்டர் வார்ம். அது பல் உடைஞ்சு கிடந்துச்சு. உங்க மாடலுக்கு உள்ளது கிடைக்கல. வேற மாடலோடது போட்டேன். பொருந்திச்சு, முள்ளும் ஆடுச்சு."

"முள் ஆடினா போதுமா? சரியா ஆட வேண்டாமா?" என்றார் அதிகாரி.

"மேடம், சரியா ஆடுற முள்ளு எங்க இருக்கு? கம்பெனியே கொஞ்சம் கூட்டிக் காட்டற மாதிரிதான் வெச்சு அனுப்புது. அம்பதுன்னு நெனச்சு ஓட்டுறவன் அம்பத்தஞ்சுல போயி விழுந்துடக் கூடாதுல்ல, அதுக்கு. டயர் தேய்ஞ்சா இன்னும் கொஞ்சம் கூட்டும். பெரிய டயர் போட்டா குறைக்கும். இது என்னால கொஞ்சம் ஓவரா ஆயிடுச்சு." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இதனால ஏதும் பிரச்சனை ஆயிடுச்சாக்கா?"

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே. சரியான பல்சக்கரத்தை வரவழைச்சுப் போட்டுடுங்க."

அது வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில் அதிகாரி கூடத்து வண்டிகள் எல்லாவற்றையும் பத்துக் கல் தூரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மொத்தம் ஒன்பது வண்டி. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றிலும் மோசமானது அதிகாரிக்கும் மேலதிகாரியாக இருந்தவரின் வண்டிதான். மீசைக்காரரின் வண்டி பத்துக் கல்லுக்கு ஒன்பதரைதான் காட்டியது. "அப்ப முள் அறுபது காட்டினப்போ நான் அறுபத்துமூணுல போனேனா?" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த குழாய்களில் நாலு கெட்டுப்போனதற்குக் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஆனாலும் அவர் அந்தப் பெரிய டயரைக் கழற்றவில்லை. அழகு போய்விடும் என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் அதிகாரி சாவியைக் கீழே அனுப்பவில்லை. தானே கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். கைக்குழந்தைக்காரப் பெண்ணின் அப்பாவுக்கும் நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதை அந்தக் கடைசி நிலையத்தில் கொடுக்கச் சொன்னார். பெட்டியைக் கட்டும்போது இன்னொரு பக்கத்து வாரைப் பிடித்து இழுத்தும் கொடுத்தார். இழுக்கத் தெரியவில்லை. அக்கா அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

முள் நாற்பத்தைந்துக்குப் போய் நின்றபோது காற்று முகத்தில் வேறு மாதிரி அடித்தது. மரங்கள் கொஞ்சம் அவசரமாகப் பின்னால் போயின. காய்கறி வண்டி ஒன்றைத் தாண்டினாள். தாண்டும்போது தன்னையறியாமல் ஹாரன் அடித்தாள்.

அன்று பதினொன்று பதினெட்டுக்கு அக்கா கூடத்துக்குத் திரும்பினாள். குழாய்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தாள். பின்னணியில் தையல் இயந்திரங்களின் சத்தம்.

"வந்துட்டியா? எத்தனை காட்டுச்சு?"

"எண்பத்திரண்டு."

"அப்பாடா! நேரம்?"

"பதினெட்டு. ஆனா ஒண்ணு, கேளுங்க. இன்னிக்கு நான் நின்னேன்."

"என்னது?"

"பாலத்துல. போகும்போதே நேரம் மிச்சம் இருந்துச்சு, பெட்டியும் காலி. பத்தொம்பது வருஷமா அந்தப் பாலத்துல போறேன், ஆத்தை ஒருநாளாவது நின்னு பாத்திருக்கேனா? வண்டியை ஓரம் கட்டிட்டு மூணு நிமிஷம் பாத்தேங்க. தண்ணி நல்லா ஓடுது."

மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்பது அக்காவுக்கே கேட்டது.

"அதையும் பதிவேட்டுல எழுதிடும்மா. இல்லேன்னா அந்த மூணு நிமிஷம் எங்க போச்சுன்னு கேப்பாங்க."

எழுதினாள். 'வழியில் பாலத்தில் மூன்று நிமிடம் நின்றேன், ஆற்றைப் பார்ப்பதற்காக' என்று அதே எறும்பு எழுத்தில். சாயங்காலம் அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.